கெட்டி

மூன்று மணி நேரம் வெறும் வயிறு என்பது விதி.
தேசராணிக்கு அது ஒரு பொருட்டில்லை.
விடிகாலை இரண்டுக்கு எழுந்து
காசிமேட்டு ஏலத்தில் நின்று
ஒன்பதரைக்கு இங்கே வருகிறவள்
டீகூடக் குடித்திருக்கவில்லை.
மூன்று முறை கை கழுவியிருந்தாள்;
வாசனை இரண்டு முறைக்குத்தான் போயிருந்தது.

வலது கையைத் தலைக்குப் பின்னால் மடக்கச் சொன்னேன்.
விலா இடுக்கில் குளிர்ந்த ஜெல்.
கருவி தட்டியது,
பூட்டிய கதவை விரல் மடக்கித் தட்டும்
கடன்காரனைப் போல,
மரியாதையாக, விடாமல்.
அந்த அதிர்வு உள்ளே என்ன வேகத்தில் ஓடுகிறது
என்பதுதான் கணக்கு.
மெத்தென்ற ஈரலில் மெல்லப் போகும்.
இறுகியதில் பறக்கும்.

பதினெட்டு புள்ளி இரண்டு.
பதினேழு புள்ளி ஒன்பது.
பழைய ஜெயில் ரோட்டில் கன்டெய்னர் லாரி திரும்பி
ஜன்னல் கம்பி நடுங்கியபோது ஒன்று தவறியது,
அதைச் சேர்க்கவில்லை.
பத்தொன்பது.

"இன்னாபா, ஏலம் வுடுறியா?"
பத்து எண் சேரட்டும்,
நடுவில் நிற்பதை எடுத்துக்கொள்வோம் என்றேன்.
"ஏலத்துல நடுவுல நிக்கிறவனுக்கு
மீன் கெடைக்காது."

பிறகு கேட்டாள்: "கெட்டியா கீதா?"
கெட்டியாகத்தான் இருக்கிறது.
"அப்ப நல்ல சரக்கு."
காற்றில் ஒரு வஞ்சிரத்தைக்
கட்டைவிரலால் அழுத்திக் காட்டினாள்.
அழுத்தின இடம் எழும்பி வரணும்,
குழி வுழுந்தா பழசு.
முப்பது வருடமாய் அந்த விரலைச் சோறு போட வைத்த சட்டம்.
ஈரலுக்கு மட்டும் அது தலைகீழ் என்பதை
எப்படிச் சொல்வதென்று யோசித்து
படிவத்தில் தேதி எழுதினேன்.

அவள் குடித்ததில்லை.
மூன்று இடத்தில் கேட்டிருக்கிறோம்,
மூன்றிலும் இல்லை.
பெஞ்சில் பக்கத்தில் இருந்தவள் நான்காவது முறை கேட்டாளாம்.
ஒரு பழைய ஊசியா, ஒரு பிரசவமா,
அவசரத்துக்கு ஏற்றிய ஒரு பாட்டில் ரத்தமா,
எதில் ஏறி வந்தேன் என்று வைரஸ் சொல்வதில்லை.

இனி இடது பக்கம்.
நன்றாக இருக்கும் மண்ணீரல் லேசில் அகப்படாது,
விலாவுக்கடியில் ஒளிந்திருக்கும்.
தேசராணியுடையது தேடுமுன் கிடைத்தது.
கல்லீரல், மண்ணீரல் என்று பேர் வைத்தது யாரோ.
மண்ணும் இறுகும்.
துறைமுகக் கேட் அடைத்தால்
டிரெய்லர்கள் திருவொற்றியூர் தாண்டி நிற்குமே,
அப்படி
வழியில்லாத ரத்தம் பின்னால் போய் நிற்கும்.

நாற்பத்தாறு.
நாற்பத்தொன்பது.
நாற்பத்தெட்டு.
இந்த முறை அவள் ஏலம் பற்றிப் பேசவில்லை.

"மிசின்ல பாத்தாச்சுல்ல,
தொண்டைல டியூப் வுட மாட்டீங்கல்ல?"

விடுவோம்.
மிஷின் சொன்னது சரியா என்பதை
டியூப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.
இருநூறு பேருக்கு இரண்டும் செய்து
ஒப்பிட்டு...
"எனக்குப் பொறவு வர்றவளுக்கு டியூப் வேணாமா?"
சிலருக்கு.
"எனக்கு?"
நாற்பத்தெட்டுக்கு எப்படியும் வேண்டியிருக்கும்.
அதைச் சொல்வது டாக்டர் வேலை.
வியாழக்கிழமை, எட்டு மணி,
வெறும் வயிறு என்று மட்டும் சொன்னேன்.

கையெழுத்துப் போட்ட தாளைத் திரும்ப வாங்கினாள்.
எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம்
என்கிற வரியைப் படிக்கச் சொல்லிக் கேட்டாள்.
அந்த இடத்தில் கட்டைவிரலை வைத்து அழுத்தி
எடுத்துப் பார்த்தாள்.

"வியாழக்கெழம வரத்து கம்மி. வரேன்."

அட்டவணையில் நாற்பத்தேழாவது வரி.
பெயர் எழுதக் கூடாது.
தொழிலுக்குக் கட்டமே இல்லை.
கருவியின் வயரில் லேசாக மீன் வாசனை,
ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தேன்.

வெளியே நாற்பத்தெட்டாவது ஆள்
பஜ்ஜி தின்றுகொண்டிருந்தார்.
மூன்று மணி நேரம் கழித்து
வரச் சொன்னேன்.